25 டிகிரி

"பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு பிசிக்ஸ்? காமர்ஸ் எடு." பதினொன்றாம் வகுப்பில் சேரப் போன அன்றே சொல்லிவிட்டார்கள். பிடிவாதமாகச் சேர்ந்தேன். காலாண்டில் 70க்கு 11. "அப்பவே சொன்னோம்ல?" என்றார்கள். 9 எடுத்த பையனிடம் "ஒழுங்காப் படிடா" என்றதோடு சரி. அவன் தோற்றால் அவன் மட்டும் படிக்காதவன். நான் தோற்றால் பெண்களுக்கே பிசிக்ஸ் வராது. இது என்ன கணக்கு?

மிதப்பு விதிப் பாடத்தில் ஹைட்ரோமீட்டர் படம் வந்தது. அட, இது எங்கள் உப்பளத்துக் கண்ணாடிக் குழாய்! வெயிலில் நீர் வற்ற வற்ற அடர்த்தி கூடும், குழாய் மேலே எழும்பும். 25 டிகிரியில் உப்பு விளையத் தொடங்கும். அப்போது ஒரு லிட்டர் நீர் சுமார் 1.2 கிலோ. அனுமந்தையில் பிறந்த எனக்கு இந்தப் பாடம் மட்டும் மனப்பாடம் செய்யாமலே புரிந்தது. மற்றவற்றையும் அதன் வழியாகவே பிடித்தேன்.

குழாய் மேஸ்திரி கையில். அம்மா தலையில் கூடை. பாத்தி நீரின் நிறத்தைப் பார்த்தே அம்மா பதம் சொல்வார். அதற்குப் பெயர் 'பழக்கம்'. குழாய் சொன்னால் விஞ்ஞானம்.

பட்டம் கேட்டு அறிவை மறுப்பது உப்பளத்தோடு நிற்பதில்லை. சி.வி.ராமனின் ஆய்வகத்தில் வைரம், மாணிக்கம் பற்றி ஐந்து கட்டுரைகள் எழுதிய அன்னா மணிக்கு, முதுகலைப் பட்டம் இல்லையென்று சென்னைப் பல்கலைக்கழகம் முனைவர் பட்டம் தரவில்லை. இந்தியாவில் விழும் வெயிலின் அளவுகளை 1980இல் கையேடாகத் தந்தவர் அவர். அந்த வெயிலில்தான் அம்மா நிற்கிறார்.

பொதுத்தேர்வில் 70க்கு 48 எடுத்தேன். இந்த ஜூனில் பக்கத்து வீட்டுப் பெண் பதினொன்றாம் வகுப்பில் சேரப் போகிறாள். கூடவே நானும் போகிறேன்.