சிரிப்பின் மேடை யாருக்குச் சொந்தம்?

2025 மார்ச் 23 இரவு, மும்பையின் மேற்குப் புறநகர் ஒன்றில் ஓட்டல் வளாகத்தில் இயங்கிய ‘ஹேபிடட்’ என்னும் சிறிய அரங்கிற்குள் துணை முதலமைச்சர் ஏக்நாத் ஷிண்டேயின் சிவசேனா கட்சியினர் புகுந்து, கையில் கிடைத்ததையெல்லாம் நொறுக்கினர். கட்சியை உடைத்து ஆட்சியைப் பிடித்தவரைத் துரோகி என்று, பெயர் சொல்லாமல், பழைய இந்தித் திரைப்பாடல் ஒன்றின் மெட்டில் குணால் கம்ரா என்ற நகைச்சுவைக் கலைஞர் எள்ளிப் பாடியதே காரணம். அந்த நேரத்தில் கம்ரா அங்கே இல்லை. மறுநாள் மாநகராட்சியினர் சம்மட்டியுடன் வந்து, விதிமீறிய கட்டுமானம் என்று கூறி அரங்கின் ஒரு பகுதியை இடித்தனர். கைதான கட்சிக்காரர்கள் அன்றே பிணையில் வெளிவந்தனர். விழுப்புரத்தில் குடியிருக்கும் கம்ராவோ சென்னை உயர் நீதிமன்றத்தை அணுகி இடைக்கால முன்பிணை பெற வேண்டியதாயிற்று. அரங்கத்தார் கதவை மூடுவதாக அறிவித்தனர்.

இந்நிகழ்வையொட்டி எழுந்த விவாதங்கள் பெரும்பாலும் கலைஞரின் துணிவைப் பற்றியும் கருத்துரிமையின் எல்லையைப் பற்றியும் அமைந்தன. அவை தேவையானவையே. ஆனால் கும்பல் தாக்கியது ஆளையன்று, இடத்தை. சமைத்த கறி பிடிக்கவில்லை என்பதற்காகத் தக்காளி ஏற்றிவந்த லாரியைக் கவிழ்ப்பது போன்றது இது என்று கம்ரா கேலி செய்தார். கேலி பொருத்தமானது, ஆயினும் தாக்கியவர்கள் அறியாமையால் இடத்தைத் தேர்ந்தெடுக்கவில்லை. ஒரு கலைஞரை அடித்தால் அவர் ஒருவரே அடிபடுவார். அரங்கை உடைத்தால் அங்கே ஏறக் காத்திருக்கும் நூறு பேரும் வாய் மூடுவர். ஆகவே முதன்மையான கேள்வி இதுதான்: சிரிப்பின் மேடை யாருடையது? அதைக் காக்க யார் இருக்கிறார்கள்?

இக்கேள்விக்கு மும்பை ஒரு காலத்தில் வேறு விடை வைத்திருந்தது. பரேல், லால்பாக், வொர்லி பகுதிகள் அடங்கிய ஆலைத் தொழிலாளர் வட்டாரத்தை மராத்தியில் கிரண்காவ் என்பர். ‘ஆலைகளின் ஊர்’ என்பது பொருள். 1944இல் அண்ணா பாவ் சாத்தே, அமர் ஷேக், கவாண்கர் ஆகிய மூவரும் அங்கே லால் பாவ்டா கலாபதக் எனும் செங்கொடிக் கலைக்குழுவை உருவாக்கினர். தீண்டாமைக் கொடுமைக்கு உள்ளான மாங் சாதியில் பிறந்து, பம்பாய்க்கு வந்து ஆலையில் உழைத்தவர் சாத்தே. தமாஷா என்ற மராத்தி நாட்டார் கூத்தை எடுத்து, அதிலிருந்த கோமாளியின் வாயில் வட்டிக்காரனையும் ஆலை முதலாளியையும் பற்றிய எள்ளலை வைத்தார். மொரார்ஜி தேசாய் உள்துறை அமைச்சராக இருந்த பம்பாய் மாகாண அரசு தடை விதித்தபோது, தமாஷா ‘லோகநாட்டியம்’ என்று பெயர் மாற்றிக்கொண்டு மீண்டும் மேடையேறியது. அவர்களுக்கு அரங்க உரிமையாளர் எவரும் தேவைப்படவில்லை. தொழிலாளர் குடியிருப்புகளின் முற்றமும் ஆலை வாயிலுமே மேடை, பார்வையாளரே காவல்.

அந்தச் சூழல் பின்னரும் எளிதில் மறைந்துவிடவில்லை. தாராவியில் வளர்ந்து, இந்துஸ்தான் லீவர் தொழிற்சாலையில் வேலை செய்த இளைஞர் ஒருவர், நிறுவன விழாவில் மேலதிகாரிகளைப் போல் நடித்துக் காட்டினார். சிரித்த சக தொழிலாளர்கள் அவருக்கு ஜானி லீவர் என்று பெயர் சூட்டினர். இந்தியாவில் தனிநபர் மேடை நகைச்சுவையின் முன்னோடிகளுள் ஒருவராகக் கருதப்படுபவரின் பெயரே ஆலைத் தொழிலாளர்கள் இட்டது என்பது கவனத்திற்குரியது.

1982 ஜனவரி 18 அன்று தத்தா சாமந்த் தலைமையில் ஏறத்தாழ இரண்டரை லட்சம் பஞ்சாலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். அப்போராட்டம் முறியடிக்கப்பட்டது. ஆலைகள் மூடப்பட்டன, நிலம் ஆலையைவிட விலைமதிப்புள்ளதாயிற்று. லோயர் பரேலில் ஃபீனிக்ஸ் ஆலை இருந்த வளாகம் பெரும் வணிகக் கூடமாக மாறியது. லண்டனின் புகழ்பெற்ற ‘காமெடி ஸ்டோர்’ 2010இல் மும்பைக் கிளையைத் திறந்தது அந்த வளாகத்தில்தான். நகரின் இன்றைய ஸ்டாண்ட்-அப் காமெடியின் பல முகங்கள் அங்கே அறிமுகமாயின. தொழிலாளி சிரித்த அதே மண்ணில், தொழிலாளி நுழைய முடியாத கட்டணத்தில், சிரிப்பு மீண்டும் பிறந்தது.

அந்தப் பெயரின் பிறப்பிடத்திலும் இதே பாடம் உண்டு. 1979 மே மாதம், மார்கரெட் தாட்சர் ஆட்சிக்கு வந்த சில நாட்களில், லண்டன் சோஹோ பகுதியில் காமெடி ஸ்டோர் தொடங்கியது. அதன் முதல் தொகுப்பாளர் அலெக்ஸி சேல், லிவர்பூலைச் சேர்ந்த கம்யூனிஸ்டுப் பெற்றோரின் மகன். இனவெறியும் பெண்ணிழிவும் இல்லாத ‘மாற்று நகைச்சுவை’ அங்கே ஓர் இயக்கமாக உருவெடுத்தது. 1984-85 சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தத்திற்கு அக்கலைஞர்கள் நிதி திரட்டித் தந்தனர். இடதுசாரிகள் வழிநடத்திய பெருநகர லண்டன் கவுன்சில் மாற்று நிகழ்ச்சிகளுக்கு உதவித்தொகை அளித்தது. 1986இல் தாட்சர் அரசு அந்தக் கவுன்சிலையே கலைத்தது. தொழிற்சங்கமும் உள்ளாட்சியும் தாங்கிய கலை, தாங்கியவை சாய்ந்தபின் தொலைக்காட்சியையும் மதுக்கூடங்களையும் நம்ப வேண்டியதாயிற்று. லோயர் பரேலுக்கு வந்து சேர்ந்தது அந்தப் பெயர்; அதைத் தாங்கிய தோள்கள் வரவில்லை.

இதனால் இன்றைய மும்பைக் கலைஞர்களை உயர் நடுத்தர வர்க்கக் கேளிக்கையாளர் என்று ஒதுக்கிவிடுவது எளிது. தோழர்களிடையே அவ்வாறு கருதுவோரும் உண்டு. அக்கருத்தில் ஓரளவு உண்மை இருக்கிறது. நகை பிறக்கும் களன்கள் நான்கினுள் எள்ளலைத் தொல்காப்பியம் முதலில் வைக்கிறது. எள்ளலோ அதிகாரத்தில் இருப்போரையும் தாக்கும், ஏதுமற்றோரையும் தாக்கும். வீட்டுப் பணிப்பெண்ணின் பேச்சையும், இட ஒதுக்கீட்டில் படித்தவரையும், பெண்ணின் உடலையும் பொருளாக்கிச் சிரித்த மேடைகள் இந்நகரில் குறைவில்லை. ஆனால் அதற்கான மறுப்பும் அதே சிறு அரங்குகளிலிருந்தே எழுந்தது. அம்பேத்கரிய நகைச்சுவைக் கலைஞர்கள் ‘ப்ளூ மெட்டீரியல்’ என்ற பெயரில் கூடி, சாதியை மறைத்துப் பேசும் மேடையில் சாதியைப் பெயர் சொல்லிச் சிரிக்கவைத்தனர்.

மேலும், ஒன்றிய அரசு பற்றிய செய்திகளுள் எது பொய் என்பதை அந்த அரசின் உண்மை சரிபார்ப்புப் பிரிவே முடிவு செய்யும் என்று 2023இல் தகவல் தொழில்நுட்ப விதிகள் திருத்தப்பட்டபோது, பம்பாய் உயர் நீதிமன்றத்தில் அதை எதிர்த்து வழக்குத் தொடுத்தவர்களுள் கம்ரா ஒருவர். 2024 செப்டம்பரில் அவ்விதி செல்லாது என்று தீர்ப்பு வந்தது. அதன் பயன் நகைச்சுவையாளர்களுக்கு மட்டும் உரியதன்று. நாட்டிலுள்ள ஒவ்வொரு சிற்றிதழுக்கும், கட்சி ஏடுகளுக்கும் உரியது. அந்நகரோடு தொடர்புடைய இன்னொரு கலைஞரான முனாவர் ஃபாரூக்கி, 2021 புத்தாண்டு நாளில் இந்தூரில் கைது செய்யப்பட்டு, சொல்லாத நகைச்சுவைக்காக ஒரு மாதத்திற்கும் மேல் சிறையில் இருந்தார். இவர்களை இந்துத்துவ ஆட்சியாளர்கள் அஞ்சுகிறார்கள் என்றால், உழைக்கும் மக்களின் இயக்கம் அலட்சியம் செய்வதில் நியாயம் இல்லை.

இங்கே இன்னொரு தாக்குதலை நினைவுகூர வேண்டும். 1989 ஜனவரி 1 அன்று, தில்லியை அடுத்த சாகிபாபாத்தின் ஜண்டாபூரில், தொழிலாளர் குடியிருப்பில் ‘ஹல்லா போல்’ தெருநாடகம் நடந்துகொண்டிருந்தபோது ஜன நாட்டிய மஞ்ச் குழு தாக்கப்பட்டது. ராம் பகதூர் என்ற தொழிலாளி கொல்லப்பட்டார். படுகாயமுற்ற சஃப்தர் ஹாஷ்மி மறுநாள் உயிர்நீத்தார். ஜனவரி 4 அன்று அவருடைய துணைவி மாலயஸ்ரீயும் தோழர்களும் அதே இடத்திற்குத் திரும்பி, பாதியில் நின்ற நாடகத்தை முழுமையாக நடத்தினர். ஆயிரக்கணக்கானோர் திரண்டு நின்று பார்த்தனர்.

உயிர்கள் பறிக்கப்பட்ட இடத்தில் மூன்றே நாளில் நாடகம் தொடர்ந்தது. நாற்காலிகள் உடைந்த இடத்தில் கதவு மூடப்பட்டது. இந்த வேறுபாட்டைத் தனிமனிதத் துணிவு கொண்டு விளக்க முடியாது. பணிய மறுத்த கம்ராவின் துணிவு குறைந்ததன்று. அரங்கை நடத்தியோரையும் குறைகூற இயலாது. கடன், வாடகை, உரிமம் ஆகிய மூன்றின் நடுவே தனியே நின்றவர்கள் அவர்கள். ஜண்டாபூரில் தொழிற்சங்கமும் ஒரு குடியிருப்பும் மேடைக்கு அரணாக நின்றன. ஹேபிடட்டின் பின்னால் நுழைவுச்சீட்டு வாங்கியோர் மட்டுமே இருந்தனர். நுழைவுச்சீட்டு வாங்கியவர் கும்பல் வந்தால் வெளியேறுவார். தன் மேடை என்று கருதுபவரே நிற்பார்.

எனவே, தாக்குதல் நடந்த மறுநாள் கண்டன அறிக்கை விடுவதோடு இடதுசாரி இயக்கத்தின் கடமை முடிந்துவிடாது. நாடெங்கும் தொழிற்சங்கக் கட்டடங்களும், கட்சி அலுவலக மாடிகளும், நூலகக் கூடங்களும் மாலை நேரங்களில் பூட்டிக் கிடக்கின்றன. ஓர் ஒலிவாங்கியும் ஐம்பது நாற்காலியும் போதுமான இக்கலைக்கு அவற்றைத் திறந்துவிடுவதில் பெருஞ்செலவு இல்லை. கலைஞர் கட்சியின் முழக்கத்தைச் சொல்ல வேண்டும் என்ற நிபந்தனையும் வேண்டாம். கட்சியையே கேலி செய்தாலும் கேட்டுச் சிரிக்கும் பெருந்தன்மை வேண்டும். ஒடுக்கப்பட்டோரை இழிவு செய்யும் சிரிப்புக்கு இடமில்லை என்ற ஒரே வரம்பு போதும். கூரியர் ஊழியரும் உணவு விநியோகத் தொழிலாளியும் செவிலியரும் தம் மேலதிகாரியைப் போல் நடித்துக் காட்டும் நாளில், சாத்தேயின் கோமாளி மீண்டும் முற்றத்திற்கு வருவான். அவன்மீது கைவைக்க வருவோர், அன்று ஒரு முற்றம் முழுவதையும் எதிர்கொள்ள வேண்டியிருக்கும்.