பெயர்ப் பலகை நம் கையில் இருக்கட்டும்



ஒரு கடையை வாடகைக்கு எடுப்பதற்கு முன் நாம் எத்தனை பேரிடம் விசாரிக்கிறோம்! தெரு எப்படி, முன்பணம் எவ்வளவு, பத்திரம் யார் பெயரில் இருக்கிறது, எத்தனை ஆண்டுக்கு ஒப்பந்தம் என்றெல்லாம் கேட்டு, மனநிறைவு அடைந்த பின்னரே கையொப்பம் இடுகிறோம். ஆனால் அந்தக் கடைக்கு வரும் ஆணைகளும், அங்கிருந்து செல்லும் விலைப்பட்டியல்களும், வங்கி விவரங்களும் நடமாடுகின்ற மின்னஞ்சல் முகவரியை மட்டும், கணினி தெரிந்த ஒரு பிள்ளையை அழைத்து, "ஒன்று தொடங்கிக் கொடு தம்பி" என்று சொல்லி ஐந்து நிமிடத்தில் முடித்து விடுகிறோம். இம்முறை அந்த ஐந்து நிமிட வேலையைப் பற்றிச் சற்றே விரிவாகச் சிந்திப்போம்.

ஆம்பூரிலோ வாணியம்பாடியிலோ பத்துப் பேர் வேலை செய்யும் ஒரு சிறு தோல் நிறுவனம் இருப்பதாக வைத்துக் கொள்வோம். முதலாளி தம் சொந்த ஜிமெயில் முகவரியிலிருந்து எழுதுகிறார். கணக்கர் தம் சொந்த முகவரியிலிருந்து விலைப்பட்டியல் அனுப்புகிறார். ஏற்றுமதியைக் கவனிக்கும் மைத்துனர் மகன் மூன்றாவதாக ஒரு முகவரி வைத்திருக்கிறார். வெளிநாட்டு வாடிக்கையாளர் யாருக்கு எழுதப் பழகினாரோ அவருக்கே தொடர்ந்து எழுதி வருகிறார். ஒரு நாள் கணக்கர் வேறு வேலைக்குப் போய் விடுகிறார். ஐந்தாண்டுக் கடிதங்களும் அவரோடு போய் விடுகின்றன. அவர்மீது குற்றம் சொல்லவும் வழியில்லை. முகவரி அவருடையது அன்றோ? வாடிக்கையாளரின் அடுத்த ஆணை அவருடைய பெட்டியில்தான் வந்து விழும். அதை நம்மிடம் சேர்ப்பதும் சேர்க்காமல் விடுவதும் அவருடைய நல்லெண்ணத்தைப் பொறுத்தது. தலைமுறைகளாகக் கட்டிக் காத்த வணிகத்தை ஒருவரின் நல்லெண்ணத்தில் மட்டும் தொங்க விடலாமா?

மின்னஞ்சல் முகவரியின் நடுவே வரும் @ என்னும் குறியை அவ்விடத்தில் முதன்முதலாக வைத்தவர் ரே டாம்லின்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர். ஆண்டு 1971. அந்தக் குறிக்கு இடப்பக்கம் இருப்பது ஆளின் பெயர். வலப்பக்கம் இருப்பது வீட்டின் பெயர். இலவச முகவரியில் வீடு பிறருடையது. நிறுவனத்திற்கெனத் தனிப் பெயர் பதிவு செய்து கொண்டால் வீட்டின் பெயர் நம்முடையதாகிறது. ஆள் மாறலாம், வீடு மாறாது. வணிக மின்னஞ்சலின் அடிப்படை இதுவே.

ஆகவே, எந்தச் சேவையை வாங்குவது என்ற கேள்விக்கு முன்னால் வேறொரு கேள்வி நிற்கிறது. பெயர் யாருடைய பெயரில் பதிவாகி இருக்கிறது?

டாட் காம், டாட் இன் போன்ற பெயர்களைப் பதிவாளர்கள் எனப்படும் நிறுவனங்களிடம் ஆண்டுக் கட்டணம் செலுத்திப் பதிவு செய்து கொள்கிறோம். டாட் இன் பெயர்களின் பேரேட்டைப் பராமரிப்பது 2003இல் தொடங்கப்பட்ட நிக்சி என்னும் இந்திய இணையப் பரிமாற்ற நிறுவனம். நம்மில் பலர் வலைத்தளம் வடிவமைத்துக் கொடுப்பவரிடமே இப்பொறுப்பையும் விட்டு விடுகிறோம். அவரும் தம் கணக்கிலேயே, தம் பெயரிலேயே பதிவு செய்து விடுகிறார். பின்னாளில் மனத்தாங்கல் வந்தாலோ, அவர் தொழிலையே விட்டு விட்டாலோ, நம் பெயர்ப் பலகை அவருடைய திண்ணையில் கிடக்கும். எனவே பதிவாளரிடம் நிறுவனத்தின் பெயரில் தனிக் கணக்கு தொடங்குங்கள். அந்தக் கணக்கிற்குத் தொடர்பு முகவரியாக அதே பெயரில் அமைந்த மின்னஞ்சலைக் கொடுக்காதீர்கள். பெயர் முடங்கும் நாளில் அந்த மின்னஞ்சலும் முடங்கும். மீட்பதற்கான கடிதம் பூட்டிய வீட்டுக்குள் போய் விழும்.

புதுப்பிக்க மறந்தால் என்ன ஆகும்? டாட் காம் பெயர்களைப் பொறுத்தவரை, பெரும்பாலான பதிவாளர்கள் முதலில் சில வாரத் தவணை தருவார்கள். அதுவும் கடந்து பெயர் நீக்கப்பட்டால், 30 நாள் மீட்புக் காலம் உண்டு. ஆனால் அப்போது வழக்கமான கட்டணத்தைப் போலப் பல மடங்கு கேட்பார்கள். அதன்பின் 5 நாட்கள் கழித்துப் பெயர் சந்தைக்கு வந்து விடும். யார் வேண்டுமானாலும் எடுத்துக் கொள்ளலாம். எடுத்தவருக்கு நம் வாடிக்கையாளர்கள் எழுதும் கடிதங்களும் போய்ச் சேரும்! பத்தாண்டு வரை முன்கூட்டியே கட்டணம் செலுத்தும் வசதி இருக்கும்போது, ஆண்டுதோறும் நினைவாற்றலைச் சோதித்துப் பார்ப்பானேன்?

இது சிறியவர்களின் தொல்லை மட்டுமன்று. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸோஹோ நிறுவனம் 2018 செப்டம்பரில் இத்தகைய இடரைச் சந்தித்தது. அதன் மின்னஞ்சல் வழியாகச் சிலர் மோசடிக் கடிதங்கள் அனுப்புவதாகப் புகார் வந்தது என்று கூறி, அதன் பெயரைப் பதிவு செய்திருந்த வெளிநாட்டுப் பதிவாளர் நிறுவனம் அப்பெயரையே முடக்கி வைத்தது. கணினிகள் ஓடிக் கொண்டுதான் இருந்தன. பெயர்ப் பலகை இல்லாததால் உலகெங்கும் பயனாளர்கள் வழி தெரியாமல் தவித்தனர். அத்தனை பெரிய நிறுவனத்திற்கே பெயர் அவ்வளவு உயிர்நாடி என்றால், நமக்குச் சொல்லவும் வேண்டுமா?

பெயர் கைக்கு வந்த பின் சேவைக்கு வருவோம். வழிகள் பொதுவாக இரண்டு.

முதலாவது, வலைத்தளத்திற்கு இடம் கொடுப்பவர்களே சேர்த்துக் கொடுக்கும் மின்னஞ்சல். விலை குறைவு, பல நேரங்களில் தனிக் கட்டணமே இராது. ஆனால் ஒரே கணினியில் நூற்றுக்கணக்கான நிறுவனங்கள் குடியிருக்கும். அவர்களில் ஒருவர் குப்பைக் கடிதங்களை வாரி இறைத்தால் அந்தக் கணினியே கறுப்புப் பட்டியலில் ஏறி விடும். பிறகு நீங்கள் அனுப்பும் நேர்மையான விலைப்பட்டியலும் வாங்குபவரின் குப்பைப் பெட்டியில் கிடக்கும். அவர் பதில் எழுதவில்லையே என்று நீங்கள் வருந்துவீர்கள். விலையே வரவில்லையே என்று அவர் வேறிடம் போவார்.

இரண்டாவது, மின்னஞ்சலையே தொழிலாக நடத்தும் சேவைகள். கூகுள் ஒர்க்ஸ்பேஸ், மைக்ரோசாஃப்ட் 365, ஸோஹோ மெயில் ஆகியவை நம் நாட்டில் பரவலாக வழங்குபவை. இவற்றில் ஒரு பெட்டிக்கு இவ்வளவு என மாதக் கணக்கிலோ ஆண்டுக் கணக்கிலோ கட்டணம் வாங்குவார்கள். விலைகள் அடிக்கடி மாறுவதால் இங்கே எழுதவில்லை. வாங்கும் நாளில் வரியையும் சேர்த்துக் கேட்டுக் கொள்ளுங்கள். முதலாண்டுச் சலுகை விலையைப் பார்த்து மயங்காமல், இரண்டாம் ஆண்டு விலை என்ன என்பதையும் கேளுங்கள்.

இலவசத் திட்டங்களும் உண்டு. தொடங்குவோருக்கு அவை உதவும். ஆயினும் அவற்றை நிரந்தரம் என எண்ணலாகாது. கூகுள் நிறுவனம் 2006 முதல் சிறு நிறுவனங்களுக்கு இச்சேவையை இலவசமாக வழங்கி வந்தது. 2012 டிசம்பரில் புதியவர்களுக்கு அதனை நிறுத்தியது. 2022இல், பழையவர்களும் வணிகப் பயன்பாட்டுக்குக் கட்டணம் செலுத்த வேண்டும் என்று அறிவித்தது. அது அவர்களின் உரிமை. ஆனால் பெயரைத் தம் கையில் வைத்திருந்தவர்கள் விரும்பிய இடத்திற்குக் குடிபெயர முடிந்தது என்பதைக் கவனியுங்கள்.

இனி, சேவையை விற்க வருபவரிடம் கேட்க வேண்டிய கேள்விகள்.

எத்தனை பெட்டி வேண்டும்? பத்துப் பேர் இருந்தால் பத்துப் பெட்டி வேண்டும் என்பதில்லை. கடிதம் எழுதுபவர்கள் நால்வர் என்றால் நான்கு போதும். விற்பனை, கணக்கு, ஏற்றுமதி என்று பொறுப்பின் பெயரில் அமையும் முகவரிகளை, பெரும்பாலான சேவைகளில் கூடுதல் கட்டணமின்றி மாற்றுப் பெயராகவோ குழு முகவரியாகவோ சேர்த்துக் கொள்ளலாம். வாடிக்கையாளருக்கு அந்த முகவரிகளையே பழக்குங்கள். ஆள் மாறினாலும் கடிதம் மேசைக்கு வந்து சேரும்.

வேலையை விட்டுச் செல்பவரின் பெட்டியை என்ன செய்வது? உடனே நீக்கி விடுவதுதான் பலர் செய்யும் தவறு. கூகுளில் நீக்கிய கணக்கை 20 நாட்களுக்குள்ளும், மைக்ரோசாஃப்டில் 30 நாட்களுக்குள்ளும் மட்டுமே மீட்க முடியும். முதலில் கடவுச்சொல்லை மாற்றுங்கள். கடிதங்களை மற்றொருவருக்கு மாற்றுங்கள். அதன் பின்னரே நீக்குங்கள்.

கடிதங்கள் எங்கே தங்குகின்றன? பாப் என்னும் பழைய முறையில், கடிதங்கள் அலுவலகக் கணினிக்கு இறங்கியதும் சேவைக் கணினியிலிருந்து அழிந்து விடும்படி அமைத்திருப்பார்கள். அந்த ஒரு கணினி பழுதானால் எல்லாம் போயிற்று. ஐமேப் என்னும் முறையில் கடிதங்கள் சேவைக் கணினியிலேயே இருக்கும். கைபேசியிலும் கணினியிலும் ஒன்றுபோல் தெரியும். இந்த வசதி நாம் வாங்கும் திட்டத்தில் உண்டா என்று கேளுங்கள். சேவையை விட்டு வெளியேறும்போது கடிதங்களைப் படியெடுத்துச் செல்லவும் இதுவே வழி. உள்ளே வரும் வாசலைக் காட்டுபவரிடம் வெளியே போகும் வாசலையும் கேட்டு வைப்பது வணிகருக்கு அழகு.

நம் கடிதம் நம்முடையதே என்பதற்கு அத்தாட்சி உண்டா? இதற்கு மூன்று ஏற்பாடுகள் உள்ளன. நம் பெயரில் கடிதம் அனுப்ப இன்ன கணினிகளுக்கே அனுமதி என அறிவிப்பது எஸ்.பி.எஃப். ஒவ்வொரு கடிதத்திலும் கண்ணுக்குத் தெரியாத முத்திரையைப் பதிப்பது டி.கே.ஐ.எம். இவற்றில் தேறாத கடிதத்தை என்ன செய்ய வேண்டும் என்று பெறுபவருக்குக் கூறுவது டிமார்க். 2024 பிப்ரவரி முதல், ஜிமெயில் முகவரிகளுக்கு எழுதும் எவரும் முதலிரண்டில் ஒன்றையேனும் வைத்திருக்க வேண்டும் என்றும், நாளொன்றுக்கு 5,000 கடிதங்களுக்கு மேல் அனுப்புவோர் மூன்றையும் வைத்திருக்க வேண்டும் என்றும் கூகுள் விதித்துள்ளது. நாம் எத்தனை கடிதம் அனுப்பினாலும் மூன்றையும் செய்து தரச் சொல்லுங்கள். தெரிந்தவருக்கு அது சில மணி நேர வேலையே.

பூட்டு எப்படி? கடவுச்சொல்லோடு இரண்டாவது சரிபார்ப்பும் கட்டாயம் வேண்டும். இதில் அலட்சியம் காட்டினால் வருவது சிறு நட்டமன்று. திருடன் நம் பெட்டிக்குள் நுழைந்து வாரக்கணக்கில் ஓசையின்றிப் படித்துக் கொண்டிருப்பான். பெரிய தொகை வரவிருக்கும் நேரத்தில், "எங்கள் வங்கிக் கணக்கு மாறியுள்ளது" என்று நம் பெயரிலேயே வாடிக்கையாளருக்கு எழுதுவான். பணம் அவன் கணக்கிற்குப் போய் விடும். அமெரிக்கக் காவல் அமைப்பான எஃப்.பி.ஐ.யிடம் 2023ஆம் ஆண்டில் மட்டும் இவ்வகை மோசடிகளில் 290 கோடி டாலர் அளவுக்கு நட்டம் பதிவாகியது. வங்கிக் கணக்கு மாற்றம் பற்றி எந்தக் கடிதம் வந்தாலும், அக்கடிதத்தில் உள்ள எண்ணை விட்டு, முன்பே நம்மிடம் உள்ள எண்ணில் பேசி உறுதி செய்யுங்கள். ஏமாந்து விட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல், உடனே வங்கிக்கும், 1930 என்ற தேசிய உதவி எண்ணுக்கும் தெரிவியுங்கள். தாமதிக்கும் ஒவ்வொரு மணியும் பணத்தைத் தொலைவுக்குக் கொண்டு போகும்.

இதுவரை சொன்னவை அலுவலகத்துக்கு. குடும்பத் தலைவியருக்கும் பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும்.

நம்முடைய சிறு நிறுவனங்கள் பெரும்பாலும் ஒருவரின் தோளில் நிற்பவை. பெயர்ப் பதிவின் கடவுச்சொல் அவருக்கே தெரியும்; சரிபார்ப்பு எண் அவருடைய கைபேசிக்கே வரும். அவர் நோயில் படுத்து விட்டால், அல்லது மவுத்தாகி விட்டால்? துக்கம் விசாரிக்க வருவோர் வீட்டில் நிறைந்திருக்கும் அந்நாட்களிலேயே, துறைமுகத்தில் சரக்கு காத்திருக்கும், வாங்குபவர் பதில் கேட்டுக் கொண்டிருப்பார், கைபேசிக்கோ பூட்டு! வரவேண்டிய பணம் எவ்வளவு, கொடுக்க வேண்டிய கடன் யாருக்கு என்பதற்கான சான்றுகள் அந்தப் பெட்டிக்குள்ளேயே அடைபட்டுக் கிடக்கும். கடனைத் தீர்ப்பது வாரிசுகளின் முதற்கடமைகளில் ஒன்று என்பதை அறிந்த நாம், கடனின் கணக்கையே அவர்களிடமிருந்து பூட்டி வைக்கலாமா? பிறருடைய கணக்கு நம்மிடம் உள்ள அமானிதம் அல்லவா?

பரிகாரம் எளிது. நிர்வாகி அதிகாரத்தை எப்போதும் இருவருக்குக் கொடுங்கள். அவர்களில் ஒருவர் மனைவியாகவோ மகளாகவோ இருக்கலாம். பெயரை எந்தப் பதிவாளரிடம் பதிவு செய்தோம், எந்த நாளில் முடிகிறது, சேவை யாருடையது, அவசர நேர மீட்புக் குறியெண்கள் எவை என்று ஒரு தாளில் எழுதி, உறையிலிட்டு, வீட்டுப் பத்திரங்களோடு பெட்டகத்தில் வையுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை, ஜகாத் கணக்குப் பார்க்கும் நாளிலோ வரவு செலவு முடிக்கும் நாளிலோ, அத்தாளைச் சரிபாருங்கள்.

ஏற்கெனவே வேறு இடத்தில் சேவை இருந்து மாற விரும்புவோர், வாராந்தர விடுமுறையின் முந்திய மாலையைத் தேர்ந்தெடுங்கள். புதிய இடத்தில் பெட்டிகளைத் திறந்து, பழைய கடிதங்களைப் படியெடுத்த பிறகே, கடிதங்களுக்கு வழிகாட்டும் எம்.எக்ஸ். குறிப்பை மாற்றச் சொல்லுங்கள். மாற்றம் எங்கும் பரவ இரண்டு நாள் வரை ஆகலாம்; அதுவரை சில கடிதங்கள் பழைய வீட்டுக்கும் வரும். ஆகவே பழைய சேவையை ஒரு மாதமேனும் நிறுத்தாமல் வையுங்கள்.

சேவை நிறுவனங்கள் மாறும், விலைகள் ஏறும். இன்று சிறந்ததாகத் தோன்றுவது நாளை அவ்வாறு இராமல் போகலாம். பெயரும், கடிதங்களும், சாவியும் நம்மிடம் இருக்குமானால் எது மாறினாலும் அச்சமில்லை. இந்த மாதம் முடிவதற்குள், உங்கள் நிறுவனத்தின் பெயர் யாருடைய கணக்கில் பதிவாகி இருக்கிறது என்பதை மட்டுமேனும் விசாரித்து அறிந்து கொள்ளுங்கள். பதில் சொல்ல யாரும் தயங்கினால், தொடங்க வேண்டிய இடம் அதுதான்.