“சின்ன சேஞ்ச்தான் தம்பி”



என்னிடம் படித்த பிள்ளை ஒருவன் வீட்டிலிருந்தே டிசைன் வேலை செய்கிறான். முதலாளி லண்டனில், கஸ்டமரோடு கதைப்பவர் கொழும்பில், இவன் ஊரில். இரவு 1 மணிக்கு வொய்ஸ் வருகிறது: “சின்ன சேஞ்ச்தான் தம்பி.” நாலு நிமிடம் ஓடும். எந்தப் பக்கம், எந்தப் படம், ஒன்றும் விளங்காது. பிறகு கொழும்புக்காரர் வேறொன்று சொல்வார். இரண்டையும் செய்துவிட்டு ஸுபஹோடு படுக்கிறான். பகலில் உம்மா எழுப்பினாலும் எழும்புவதில்லையாம்.

நேர வித்தியாசம்தான் காரணமாம். வெறும் சாட்டு! லண்டனில் காலை 10 மணி என்றால் நமக்குப் பின்னேரம் 2.30, குளிர்காலத்தில் 3.30. மஃரிபுக்குள் கதைத்து முடிக்க ஏலாதா?

ஃபிக்மாவில் பிழை உள்ள இடத்திலேயே கொமெண்ட் எழுதலாம், எல்லோரும் பார்க்கலாம். அதை விட்டுவிட்டு ஏன் வட்ஸ்அப்? எழுதினால் யார் சொன்னது என்று பதிந்துவிடும். அதுதான் பயம்.

வேலையும் மறுப்புச் சொல்லாதவன் தலையில்தான் விழுகிறது. (கரும்பலகை அழிக்க நாங்களும் அப்படியொரு பிள்ளையைத்தான் கூப்பிடுகிறோம். எனக்கும் இதில் பங்குண்டு.) யாரிடம் எத்தனை வேலை கிடக்கிறது என்று எல்லோருக்கும் தெரிகிற பட்டியல் ஒன்று போடுங்கள். திருத்தங்களை ஒருவர் சேர்த்து, முரண்பட்டதைத் தீர்த்து, ஒரே தடவையில் அனுப்பட்டும். நாலாவது திருத்தத்துக்குக் கஸ்டமரிடம் காசு கேளுங்கள். கேட்க வெட்கமா? அதற்கு இவனுடைய நித்திரையா விலை?

இதை வாசிக்கிற முதலாளிமாரில் நம்மூர்க்காரரும் இருக்கிறீர்கள். இன்றிரவு அந்த வொய்ஸை அனுப்பாதீர்கள்.