ஒருவரிடமே இருமுறை கேட்கலாமா?

கஞ்சிக்கோட்டில் நம்மவர் வீட்டில் பெரிய நோய் என்றால் வாளையாறு தாண்டிக் கோவைக்குப் போவோம். அதற்கும் மேலென்றால் ரயிலேறி வேலூர். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1971-இல் சிறுநீரக மாற்றும், 1986-இல் எலும்பு மஜ்ஜை மாற்றும் தொடங்கின. இவ்விரண்டும் ஒரே நோயாளிக்குத் தேவைப்படுவது அரிது, ஆனாலும் உண்டு. இரத்தப் புற்றுநோய்க்கு மஜ்ஜை மாற்றிப் பிழைத்தவருக்கு, அப்போது பெற்ற கதிர்வீச்சாலும் கடும் மருந்துகளாலும் சில ஆண்டுகள் கழித்துச் சிறுநீரகம் பழுதாகலாம். உடனே வீட்டார் கண்கள் எல்லாம், முன்பு மஜ்ஜை கொடுத்த தம்பி மீது திரும்பும்.

மருத்துவக் கணக்கில் அது சரியே. அண்ணன் உடலில் இப்போது இரத்தத்தையும் நோயெதிர்ப்பு அணுக்களையும் உண்டாக்குவது தம்பியின் மஜ்ஜை. அந்த அணுக்கள் தம்பியின் சிறுநீரகத்தை அந்நியமாக எண்ணுவதில்லை. இப்படிப் பெற்ற சிலர், மருத்துவர் மேற்பார்வையில் எதிர்ப்பை அடக்கும் மருந்துகளையே நிறுத்திவிட்டு வாழ்கிறார்கள்.

ஆனால் மஜ்ஜை சில வாரங்களில் மறுபடி ஊறிவிடும், சிறுநீரகம் முளைக்காது. தம்பிக்கும் மனைவி, மக்கள் உண்டு. "கூடப்பிறந்தவன்தானே, வேறு வழி என்ன?" என்று மாமன், சித்தப்பா கூடிப் பஞ்சாயத்துப் பேசுவது எனக்கு உடன்பாடில்லை. வேறு வழி இருக்கிறது.

மனைவியின் இரத்தப் பிரிவு சேராது என்று நாமே தீர்ப்பு எழுதிவிடுகிறோம். ஏ பிரிவு அண்ணனுக்கு ஓ பிரிவுத் தம்பி மஜ்ஜை கொடுத்தால், சில மாதங்களில் அண்ணன் இரத்தம் ஓ ஆகிவிடும். ஓட்டுநர் உரிமத்தில் அச்சிட்ட பிரிவு ஜாதகம் போல் ஆயுளுக்கும் நிற்பதல்ல! ஓ பிரிவினருக்கு ஏ பிரிவுச் சிறுநீரகம் ஆகாது என்பது பொது விதி. இவர் உடம்பின் மற்றத் திசுக்களோ இன்னும் ஏ பிரிவுதான். ஆகவே ஏ-க்கு எதிரான எதிர்ப்பொருள் இவரிடம் குறைவாகவே இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அளந்து பார்த்தால்தான் தெரியும்.

அளவு கூடுதலானாலும் கதவு அடைபடவில்லை. ஜப்பானில் 1989 முதலே பிரிவு சேராத சிறுநீரகத்தைப் பொருத்தி வருகிறார்கள். பிளாஸ்மாவைப் பிரித்து எதிர்ப்பொருளை நீக்குவார்கள்; புதிதாக ஊறாமலிருக்க ரிடுக்சிமாப் போன்ற மருந்து தருவார்கள். இந்தியாவிலும் இது நடக்கிறது. செலவு கூடும். தொற்று அபாயமும் உண்டு, மஜ்ஜை மாற்றியவருக்கு அது மேலும் அதிகம். இதை மறைக்கக் கூடாது. அது ஒத்துவராதென்றால், பிரிவு சேராத இரு குடும்பங்கள் தங்களுக்குள் கொடையாளிகளை மாற்றிக்கொள்ள 2011-ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் இடம் தருகிறது.

தம்பியைக் கேட்கவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மனமுவந்து அவர் கொடுத்தால் அதற்கு ஈடில்லை. முதலில் மனைவியையும் பெற்றோரையும் சோதிக்கச் சொல்லுங்கள். டயாலிசிஸ் இருக்கும்வரை அதற்கு அவகாசமும் இருக்கிறது. பிறகு தம்பியிடம், அவர் மனைவியும் உடனிருக்க, அமைதியாகக் கேளுங்கள். 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி விருப்பமில்லாதவரிடம் உறுப்பு எடுக்க முடியாது. தயக்கம் இருந்தால் அவர் அதை மருத்துவரிடம் தனியே சொல்லலாம். காரணத்தை வீட்டாரிடம் விளக்க வேண்டிய கடமை மருத்துவருக்கு இல்லை.