இறுக்கம் எங்கே இருக்கிறது?

பழமைக்கு நாம் காட்டும் சலுகைகளில் சில ஆபத்தானவை. செஸ்னா 172 சிறுவிமானம் 1956-இல் சந்தைக்கு வந்தது. அரை நூற்றாண்டு கடந்தவை பல இன்றும் பறக்கின்றன. அவற்றுள் ஒன்றில் கட்டுப்பாட்டுச் சக்கரம் இறுகித் திரும்பினால், ‘வயதான விமானம், அப்படித்தான்’ என்று பழகிக்கொள்கிறோம். இல்லையேல் எண்ணெய்க் குப்பியைத் தேடுகிறோம். இரண்டும் பிழை என்பதே நம் கருத்து.

விமானியின் கைக்கும் இறக்கை விளிம்பில் அசையும் ஏலரானுக்கும் இடையே எஃகு வடங்கள், கப்பிகள், நெம்புகோல்கள் உள்ளன. பொறிவினைஞர் வடத்தை ஓரிடத்தில் கழற்றி, இரு பக்கங்களையும் தனித்தனியே அசைத்துப் பார்த்தால் குற்றம் எப்பக்கம் என்பது தெளியும். சுழலாமல் நின்றுபோன கப்பியாக இருக்கலாம். அளவுக்கு மீறி இழுத்துக் கட்டிய வடமாகவும் இருக்கலாம். அலுமினிய உடல் எஃகைப்போல ஏறத்தாழ இருமடங்கு விரிவதால், வெயிலில் வடம் மேலும் இறுகும். ஆகவே அதன் இழுவிசையை வெப்பநிலையோடு பொருத்தியே அளக்க வேண்டும்.

எண்ணெய் இக்குற்றங்களைச் சில நாள் மறைக்கும். பின்பு தூசியைச் சேர்த்துப் பசையாகும். நின்ற கப்பியோ வடத்தின் இழைகளைத் தேய்த்துக்கொண்டே இருக்கும். கழற்றிப் பார்க்கும் நேரத்தை வீண் என்போர், அறுந்த வடத்தை வானில் காண நேரலாம்.