சிங்கத்தை விடுங்க, நம்ம மலையை ஒட்டுவோம்

விலங்கும் அதன் வாழிடமும் என்று ஒட்டுச்சித்திரம் செய்யச் சொன்னால், பதுளைப் பக்கத்துத் தோட்டப் பிள்ளைகள் பலர் கொண்டு வருவது ஆபிரிக்கச் சிங்கத்தைத்தான். சில நேரம் பனிக்கரடியும் வரும். பசறையில பனிக்கரடிக்கு என்ன வேலை?

இன்னொரு கூத்தும் இருக்கு. தலைப்பில் "வீட்டுக் கழிவுப் பொருட்கள்" என்று போட்டிருப்பார்கள். ஆனால் புள்ளி விழுவது கடையில் வாங்கிய மினுங்கல் தாளுக்கும் பிரிஸ்டல் போர்ட்டுக்கும். நாட்சம்பளத்தில் ஓடுகிற வீட்டில் அது சின்னச் செலவா? லயத்துக் காம்பராவில் அட்டைப்பெட்டி கழிவே கிடையாது. குளிர்காற்று வராமல் சுவரோரம் அடைக்க அது வேணும்.

உண்மையிலேயே வீட்டில் மிஞ்சுவதை வைத்துப் பாருங்கள். வடித்த தேயிலைச் சக்கையைக் காயவைத்து ஒட்டினால் அசல் மண் நிறம். பால்மா பக்கெட்டின் உள்பக்கம் வெள்ளியாக மின்னும். ஓடைக்கு அதைவிட என்ன வேணும்? கிழிந்த உரப்பையின் நாரைப் பிரித்தால் மானாப் புல். பழைய பேப்பரைக் கசக்கினால் பாறை. கோதுமை மாவைக் காய்ச்சினால் பசை ரெடி.

இதெல்லாம் சேர்ந்தால் வருவது நம்ம மலை. அங்கே சிறுத்தை இருக்கு. இலங்கைக்கு மட்டுமே உரிய உப இனம் அது. பாடப்புத்தகத்துப் பச்சைக் காட்டில் மட்டும் அது வாழவில்லை. மலை உச்சியில் மிஞ்சிய துண்டுக் காடு, ஓடைக்கரை, கைவிட்ட தேயிலை, அதற்குக் கீழே லயம், எல்லாமே அதன் வாழிடம்தான். லயத்தை விட்டுவிட்டு வாழிடம் ஒட்டினால் பாதிப் படம்தான் கிடைக்கும்.

2020 மே மாதம் நல்லதண்ணி, லக்ஷபான தோட்டத்தில் ஒரு கருஞ்சிறுத்தை சுருக்குக் கம்பியில் மாட்டியது. உடவளவைக்குக் கொண்டுபோய்ச் சிகிச்சை கொடுத்தும் சில நாளில் செத்துப்போனது. மலையகத்தில் இப்படிச் செத்த சிறுத்தை அது ஒன்று மட்டுமில்லை. கம்பி வைப்பவர்களைக் கொலைகாரர் என்று திட்டுவது சுலபம். போஞ்சித் தோட்டத்தை ஒரே ராத்திரியில் பன்றி கிண்டிவிட்டுப் போனால் அந்தக் குடும்பத்துக்கு யார் நட்டஈடு கொடுக்கிறார்கள்? ஆனா சுருக்குக்குப் பன்றி, சிறுத்தை என்ற பேதம் தெரியாது. இரண்டையும் ஒரே அட்டையில் ஒட்ட ஒரு பிள்ளையால முடியும். எங்கள் சனிக்கிழமை வகுப்பில் ஒரு பிள்ளை, தேயிலைச் செடிக்கு அடியில் பழைய பிரேக் வயரை வளைத்து ஒட்டலாமா என்று கேட்டது. அழகு கெட்டுப்போகும் என்று ஒரு டீச்சர் சொன்னார். நாங்கள் ஒட்டச் சொன்னோம்.