மூன்று வாரம் முடங்கிய பிளேஸ்டேஷன்: ஆறு நாள் மௌனத்துக்கு யார் பதில் சொல்வது?

2011 ஏப்ரல் 20. பிளேஸ்டேஷன் 3-ஐ ஆன் செய்து நண்பர்களோடு விளையாட உட்கார்ந்தவர்களுக்கு லாகின் ஆகவில்லை. பராமரிப்புப் பணி நடக்கிறது என்று ஒரு மெசேஜ் மட்டும் திரையில் வந்தது. முந்தின நாள்தான் அமெரிக்காவில் 'போர்ட்டல் 2' வெளியாகியிருந்தது. இரண்டு பேர் சேர்ந்து ஆடுவதற்கென்றே தனிப்பகுதி உள்ள கேம். எல்லாம் சரியாக ஒன்றிரண்டு நாள் ஆகலாம் என்றது சோனி.

ஆனது மூன்று வாரத்துக்கும் மேல். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் மே 14 முதல்தான் சேவை படிப்படியாகத் திரும்பியது. ஜப்பானில் முழுமையாகத் திரும்ப ஜூலை ஆகிவிட்டது.

'இத்தனை நாளா மூடி வைப்பாங்க?' என்பதுதான் அன்று பலரின் கோபம். ஆனால் உண்மையில் கேட்க வேண்டிய கேள்வி வேறு.

நடந்தது என்ன?

ஏப்ரல் 17-க்கும் 19-க்கும் இடையில் பிளேஸ்டேஷன் நெட்வொர்க்கின் சர்வர்களுக்குள் யாரோ புகுந்துவிட்டார்கள். 19-ஆம் தேதி சில சர்வர்கள் தாமாகவே ரீஸ்டார்ட் ஆவதை இன்ஜினீயர்கள் கவனித்தார்கள். மறுநாள், தகவல்கள் வெளியே போயிருப்பதற்கான அறிகுறி தெரிந்ததும் மொத்த நெட்வொர்க்கையும் நிறுத்தினார்கள்.

பாதிக்கப்பட்டவை சுமார் 7.7 கோடி அக்கவுண்டுகள். பெயர், முகவரி, பிறந்த தேதி, இமெயில், பாஸ்வேர்டு என எல்லாமே அதில் அடக்கம். பாஸ்வேர்டுகள் ஹேஷ் முறையில் உருமாற்றிச் சேமிக்கப்பட்டிருந்ததாகச் சோனி பிறகு விளக்கியது. 1.23 கோடி பேரின் கார்டு விவரங்களும் அதே சிஸ்டத்தில் இருந்தன. அவை என்கிரிப்ட் செய்யப்பட்டிருந்தன என்பது ஓர் ஆறுதல்.

அதோடு முடியவில்லை. மே 2-ஆம் தேதி சோனி ஆன்லைன் என்டர்டெயின்மென்ட் என்ற இன்னொரு பிரிவையும் மூட வேண்டி வந்தது. அங்கே 2.46 கோடி அக்கவுண்டுகள். 2007-ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒரு பழைய டேட்டாபேஸில் இருந்த 12,700 வெளிநாட்டு கார்டு எண்களும் போயிருக்கலாம் என்றார்கள். தேவை முடிந்த பழைய டேட்டாவை அழிக்காமல் வைத்திருந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

இழுத்து மூடியது சரியா?

சரிதான். வீட்டுக்குள் திருடன் இருக்கிறான் என்று தெரிந்த பிறகு கதவைத் திறந்து வைத்துக்கொண்டு விருந்து நடத்த முடியாது. நெட்வொர்க்கை நிறுத்தி, ஓட்டையைக் கண்டுபிடித்து, அடைத்துவிட்டுத் திறப்பதுதான் பொறுப்பான செயல்.

இங்கே ஒரு வித்தியாசத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். 2014 கிறிஸ்துமஸ் சமயத்தில் பிளேஸ்டேஷன் நெட்வொர்க்கும் எக்ஸ்பாக்ஸ் லைவும் மறுபடி முடங்கின. அது டிடாஸ் தாக்குதல். கடை வாசலில் பொய்க் கூட்டத்தைத் திரட்டி, நிஜ வாடிக்கையாளர் உள்ளே நுழைய முடியாமல் செய்வது மாதிரி. எரிச்சலான விஷயம்தான், ஆனால் அதனால் கல்லாப்பெட்டி காலியாகாது. 2011-ல் நடந்தது கடைக்குள்ளேயே புகுந்து கணக்கு நோட்டை எடுத்துப்போனது. பிரச்சினை என்னவென்றால், விளையாடுகிறவருக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்: 'லாகின் ஆகல.' எது நடந்தது என்று சொல்ல வேண்டியவர் நெட்வொர்க்கை நடத்துகிறவர் மட்டுமே.

ஆறு நாள் ஏன் சொல்லவில்லை?

வெளியிலிருந்து ஊடுருவல் நடந்திருக்கிறது என்று ஏப்ரல் 22-ல் சோனி ஒப்புக்கொண்டது. உங்கள் தனிப்பட்ட தகவல்கள் போய்விட்டன என்று சொன்னது 26-ஆம் தேதி. நெட்வொர்க்கை நிறுத்தி ஆறு நாள் கழித்து.

பலரும் ஒரே பாஸ்வேர்டை கேமுக்கும் இமெயிலுக்கும் சேர்த்தே வைத்திருப்பார்கள். முதல் நாளே ஓர் எச்சரிக்கை வந்திருந்தால் மாற்றியிருப்பார்கள், கார்டு ஸ்டேட்மென்ட்டைக் கவனித்திருப்பார்கள். அந்த ஆறு நாளும் திருடனுக்குக் கிடைத்த அவகாசம்.

அமெரிக்க நாடாளுமன்றக் குழுவுக்கு அனுப்பிய கடிதத்தில் சோனி ஒரு காரணம் சொன்னது. உறுதியாகாத தகவலைச் சொன்னால் மக்கள் குழம்பி, தேவையில்லாத நடவடிக்கைகளில் இறங்கிவிடுவார்களாம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் 26-ஆம் தேதி வந்த அறிவிப்பிலும் முழு உறுதி இல்லையே. கார்டு விவரங்கள் எடுக்கப்பட்டதற்கு ஆதாரம் இல்லை, அந்த வாய்ப்பை மறுக்கவும் முடியாது என்றுதான் அதில் இருந்தது. ஆறு நாள் கழித்து 'இருக்கலாம்' என்று சொல்ல முடியும் என்றால், இரண்டாம் நாளே சொல்லியிருக்கலாம். பாஸ்வேர்டை மாற்றுவது தேவையில்லாத வேலையா என்பதை அந்தப் பாஸ்வேர்டுக்குச் சொந்தக்காரர் முடிவு செய்துகொள்வார்.

இரண்டு கேம் கொடுத்தால் கணக்கு முடிந்ததா?

மே 1-ஆம் தேதி டோக்கியோவில் சோனியின் உயர் அதிகாரி கசுவோ ஹிராய் தலைகுனிந்து மன்னிப்புக் கேட்டார். பயனர்களுக்கு இரண்டு இலவச கேம்களும் 30 நாள் பிளேஸ்டேஷன் பிளஸ் சந்தாவும் கிடைத்தன. அதே ஆண்டு செப்டம்பரில் விதிமுறைகளும் மாறின. அமெரிக்கப் பயனர்கள் ஒன்றுசேர்ந்து வழக்குப் போடும் உரிமையை விட்டுக்கொடுக்க வேண்டும் என்ற ஷரத்து அதில் வந்து உட்கார்ந்தது. கேமைக் கையில் கொடுத்துவிட்டு உரிமையை வாங்கிக்கொண்ட கதை.

பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகம் 2013 ஜனவரியில் 2.5 லட்சம் பவுண்டு அபராதம் விதித்தது. சாஃப்ட்வேரை அப்டேட் செய்திருந்தால் இதைத் தடுத்திருக்கலாம் என்பது அதன் முடிவு. இந்தச் சம்பவத்தால் ஆகும் செலவு 1,400 கோடி யென் என்று சோனியே கணக்குப் போட்டிருந்தது. அதன் பக்கத்தில் இந்த அபராதம் சில்லறைதான். இரண்டு கட்டச் சரிபார்ப்பு வசதி பிளேஸ்டேஷனுக்கு வந்ததே 2016-ல்தான்.

பழைய கதைதானே, இப்ப என்ன?

2025 பிப்ரவரியில் பிளேஸ்டேஷன் நெட்வொர்க் சுமார் ஒரு நாள் முடங்கியது. 'செயல்பாட்டுச் சிக்கல்' என்று சொல்லி, பிளஸ் சந்தாதாரர்களுக்கு ஐந்து நாள் கூடுதலாகக் கொடுத்தது சோனி. என்ன சிக்கல் என்ற விளக்கம் அந்த அறிவிப்பில் இல்லை. 2011-ஐ அனுபவித்தவர்களுக்கு வயிற்றைக் கலக்கியிருந்தால் ஆச்சரியமில்லை.

சட்டங்கள் மாறியிருப்பது உண்மை. ஐரோப்பாவில் 72 மணி நேரத்துக்குள் கண்காணிப்பு அமைப்புக்குச் சொல்ல வேண்டும். இந்தியாவில் சைபர் தாக்குதலை ஆறு மணி நேரத்துக்குள் செர்ட்-இன் அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2022-ல் வந்த உத்தரவு. ஆனால் அது அரசுக்குச் சொல்வது. பயனருக்கும் சொல்ல வேண்டும் என்கிறது 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். மறைத்தால் 200 கோடி ரூபாய் வரை அபராதம். அதற்கான விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன. நிறுவனங்களின் முக்கியக் கடமைகள் அமலாக 18 மாத அவகாசமும் தரப்பட்டது.

அதுவரை காத்திருக்காமல் இன்றைக்கே செய்யக்கூடியவை சில உண்டு. கேம் அக்கவுண்டுக்குத் தனி பாஸ்வேர்டு வையுங்கள். இரண்டு கட்டச் சரிபார்ப்பை ஆன் செய்யுங்கள். வாங்கி முடித்ததும் கார்டு விவரத்தை நீக்கிவிடுங்கள். அடுத்த முறை ஏதாவது ஒரு கேம் சர்வர் ஒரு நாளுக்கு மேல் படுத்துக்கொண்டால், 'எப்ப திரும்ப வரும்?' என்பதோடு 'என் டேட்டா பத்திரமா இருக்கா?' என்றும் கேளுங்கள். நேரான பதில் வரவில்லை என்றால், பாஸ்வேர்டை மாற்ற ஆறு நாள் காத்திருக்க வேண்டாம்.